தேடிய தேட்டம் யாருக்கு?

யாழ்ப்பாணத்து வீடொன்றின் படலையைத் திறந்து உள்ளே செல்வோர்க்கு அவ்வீட்டின் சரித்திரத்தை வாசிப்பது கடினமன்று. முன்விறாந்தை பாட்டனார் காலத்தது, பின்னறை மூத்த மகளின் சீதனத்துக்காக எழும்பியது, கிணற்றுக்கட்டு கடைசி மகனின் முதற் சம்பளத்திற் கட்டியது என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை உண்டு. எந்தச் சுவர் எவருடைய உழைப்பில் எழுந்தது என்பதை ஊரே அறிந்திருக்கும். ஆயினும் ஊர் அறிந்ததைச் சட்டமும் அறிந்திருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. இக்கிழமை அத்தகைய வீடொன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, உலகின் பல நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்ட பெரியதொரு வழக்கிற்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

எமது இளமைக்காலத்தில், வடமராட்சியில் எமது ஒழுங்கையின் முடிவில் இரு ஆசிரியைமார் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஊரார் மூத்தவரைப் பெரிய ரீச்சர் என்றும் இளையவரைச் சின்ன ரீச்சர் என்றும் அழைத்தனர். இருவரும் மணஞ்செய்யவில்லை, இருவருக்குமிடையில் இரத்த உறவும் இல்லை. ஒரே பாடசாலையிற் படிப்பித்து, ஒரே குடையின்கீழ் நடந்துவந்து, ஒரே அடுப்பிற் சமைத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாய் வாழ்ந்தனர். காணியின் உறுதி பெரிய ரீச்சரின் பெயரில் இருந்தது. அதன்மேல் எழுந்த ஓட்டுக்கூரைக்காகச் சின்ன ரீச்சர் தம் காப்புக்களை விற்றார். வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து மாலைதோறும் அவர்களிடம் கணக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகளுள் நாமும் ஒருவர்.

பெரிய ரீச்சர் நோயுற்று வைத்தியசாலையிற் கிடந்தபோது, சத்திரசிகிச்சைக்கு உறவினர் ஒருவரின் கையொப்பம் வேண்டப்பட்டது. சின்ன ரீச்சர் பேனையை எடுத்தார். "நீங்கள் அவவுக்கு என்ன முறை?" என்று கேட்கப்பட்டது. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். கொழும்பிலிருந்து தமையன் மகன் வந்து சேர ஒன்றரை நாட்கள் சென்றன.

செத்தவீட்டன்று சின்ன ரீச்சர் பந்தலின் கடைசி வரிசையில், அயலவரோடு அயலவராக இருந்தார். அந்தியேட்டி முடிந்து சில கிழமைகளில் தமையன் பிள்ளைகள் வீட்டை விற்க ஒழுங்கு செய்தனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சட்டப்படி தமக்கு வந்ததைப் பெற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. "ரீச்சர், அவசரமில்லை, ஆறுதலாய்ப் பாத்துப் போங்கோ" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவர் ஒரு றங்குப்பெட்டியோடு தம் தங்கை வீட்டுக்குப் போனார். வேலிக்கு இப்பால் நின்ற நாம் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் யாராயிருந்தனர் என்பதை நாம் அறியோம். அதைத் துருவி ஆராய்வது எமது நோக்கமுமன்று. அவர்கள் ஒன்றாய் உழைத்து ஒன்றாய்த் தேடினார்கள் என்பதை மாத்திரம் அறிவோம். அந்தத் தேட்டத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கவில்லை. மணஞ்செய்து வாழ்ந்தோர்க்கோ, யாழ்ப்பாணத்துச் சட்டத்தில் அதற்கென்றே அழகியதொரு பெயர் உண்டு.

1707 ஆம் ஆண்டில், ஒல்லாந்த தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ் என்பாரின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் எம்முன்னோரின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அத்திரட்டைப் பன்னிரண்டு முதலியார்மார் படித்துப் பார்த்து, சரியென ஒப்பினர். அதுவே தேசவழமை. சொத்தை அது முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகையாகப் பிரிக்கின்றது. பெற்றோர் வழியாக வருவது முதுசம். மகளுக்குக் கொடுத்தனுப்புவது சீதனம். கணவனும் மனைவியும் கூடிவாழும் காலத்திற் சம்பாதிப்பது தேடிய தேட்டம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் திருத்தமும் இதனை மேலும் வரையறை செய்தன. மரணசாசனம் எழுதாது ஒருவர் இறப்பின், அவருடைய தேடிய தேட்டத்திற் பாதி எஞ்சியிருக்கும் துணைக்குச் சேரும். மற்றைப் பாதியே ஏனைய உரித்தாளர்க்குச் செல்லும்.

இவ்வேற்பாட்டின் கருத்தை ஆழ்ந்து நோக்குமாறு மாணவ நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிறப்பினால் வரும் உரிமையைப் போலவே, ஒன்றாய் வாழ்ந்து உழைத்தமையால் வரும் உரிமையையும் எம்முன்னோர் மதித்தனர். ஆயினும் அவ்வுரிமையின் வாசலுக்கு ஒரேயொரு திறப்புத்தான் உண்டு. அதுவே விவாகம். 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழான படிவம் ஆணொருவரின் பெயரையும் பெண்ணொருவரின் பெயரையுமே எதிர்பார்க்கின்றது. இரு பெண்களுக்கோ இரு ஆண்களுக்கோ அதில் இடமில்லை.

ஒருபால் மணம் என்றதும் எம்மவர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது ஊர்வலமும் வாணவேடிக்கையும் மேனாட்டு ஆரவாரமுமே. அப்போராட்டத்தின் உள்ளே புகுந்து பார்ப்போமாயின், அங்கே காண்பது பெரும்பாலும் நோய்ப்படுக்கையும் மரணப் பத்திரமும் வீட்டு உறுதியுமாம். அமெரிக்காவில் நிகழ்ந்த இரு வழக்குகளை இங்கு எடுத்துக்காட்டுகிறோம்.

நியூயோர்க் நகரில் ஈடித் வின்சர், தியா ஸ்பையர் என்னும் இரு பெண்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாய் வாழ்ந்தனர். தியாவின் கைகால்கள் நோயினாற் சிறிது சிறிதாகச் செயலிழந்தபோது ஈடித்தே அவரைப் பராமரித்தார். 2007 ஆம் ஆண்டில், எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகருக்குச் சென்று அவர்கள் சட்டப்படி மணஞ்செய்தனர். 2009 இல் தியா இறந்தார். கணவனை இழந்த மனைவி தன் துணையின் சொத்துக்கு அமெரிக்க நடுவணரசுக்கு மரண வரி செலுத்தவேண்டியதில்லை. ஆனால் ஈடித் அவ்வரசின் கண்ணுக்கு மனைவியல்லர், வேற்றாள். ஆகவே 3,63,053 டொலர் வரி விதிக்கப்பட்டது. எண்பது வயதை அடைந்திருந்த அம்மூதாட்டி வழக்குத் தொடுத்தார். 2013 யூன் 26 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு வந்த அன்றே, ஒஹாயோ மாநிலத்தில் வேறொரு வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஜோன் ஆதர் என்பவர் நரம்புநோயினால் அசையவியலாது படுக்கையிற் கிடந்தார். இருபது ஆண்டுகளாக அவரோடு வாழ்ந்த ஜிம் ஒபகஃபெல், தாம் மணஞ்செய்துகொள்வோமா என்று கேட்டார். அவர்களுடைய மாநிலத்தில் அதற்கு இடமில்லை. நோயாளியை ஏற்றிச்செல்லும் சிறு விமானமொன்றில் அவர்கள் மேரிலாந்துக்குப் பறந்தனர். பால்ரிமோர் விமானத்தளத்தில், நின்ற விமானத்திற்குள்ளேயே விவாகம் நடைபெற்றது. வீடு திரும்பியபின் அவர்களுக்கு ஓர் உண்மை தெரியவந்தது. ஜோன் இறந்தால், அவருடைய மரணப் பத்திரத்தில் "எஞ்சிய துணை" என்ற கட்டம் வெறுமையாகவே விடப்படும் என்பதே அது. அந்த ஒரு கட்டத்துக்காக வழக்குத் தொடங்கியது. ஜோன் 2013 ஒக்டோபரில் இறந்தார். 2015 யூன் 26 இல், ஒருபாலார் மணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது.

வின்சர் அம்மையாரின் வழக்கு தேட்டத்தைப் பற்றியது. ஒபகஃபெல் அவர்களின் வழக்கு பெயரைப் பற்றியது. எமது ஒழுங்கையின் சின்ன ரீச்சர் இழந்தவையும் இவ்விரண்டே.

"இவை அந்நிய தேசத்துக் கதைகள்" எனச் சில நேயர்கள் கருதலாம். ஆனால் அத்தேசங்கள் எமக்கு இன்று எவ்வளவு அந்நியம்? யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் தபாற் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கனடா 2005 ஆம் ஆண்டிலும், நோர்வே 2009 ஆம் ஆண்டிலும், பிரான்சு 2013 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2014 ஆம் ஆண்டிலும், யேர்மனியும் அவுஸ்திரேலியாவும் 2017 ஆம் ஆண்டிலும், சுவிற்சர்லாந்து 2022 ஆம் ஆண்டிலும் ஒருபாலார் மணத்தைச் சட்டமாக்கின. எமது பேரப்பிள்ளைகள் பிறந்து வளரும் நாடுகள் இவை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, 2001 ஏப்ரில் முதலாந் திகதி, உலகிலேயே முதன்முறையாக அவ்வுரிமையை வழங்கிய நாடு எது தெரியுமா? எமது தேசவழமையை ஏட்டில் எழுதுவித்த அதே ஒல்லாந்து. இலங்கையின் பொதுச்சட்டத்துக்கு அடிப்படையான றோமன் டச்சுச் சட்டத்தையே தானும் கொண்டுள்ள தென்னாபிரிக்கா 2006 ஆம் ஆண்டில் அவ்வழியிற் சென்றது.

எமது நாட்டின் நிலை யாது? இங்கு வழக்கு மணப்பந்தலை எட்டவேயில்லை. சிறைக்கூடத்தின் வாசலிலேயே நிற்கின்றது. 1883 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்னும் பிரிவுகள் ஒருபாலாரின் உறவைக் குற்றமாக்கின. 365அ பிரிவில் ஆதியில் "ஆணொருவர்" என்றே இருந்தது. 1995 ஆம் ஆண்டில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பாதுகாப்பளிக்கும் நல்ல ஏற்பாடுகள் பலவற்றோடு அக்கோவை திருத்தப்பட்டபோது, அச்சொல் "ஆளொருவர்" என மாற்றப்பட்டது. சமத்துவம் என்பது தண்டனையை நீக்குவதற்குப் பதிலாக அதைப் பெண்களுக்கும் பகிர்ந்தளிப்பதாக முடிந்தது.

இப்பிரிவை எதிர்த்துப் பலர் உழைத்துள்ளனர். றொசானா பிளேமர் கல்தேரா என்னும் இலங்கைப் பெண்மணி 1999 ஆம் ஆண்டில் பெண்களுக்கான ஆதரவுக் குழுவொன்றையும், 2004 இல் ஈக்குவல் கிரவுண்ட் என்னும் அமைப்பையும் நிறுவியவர்களுள் ஒருவர். மிரட்டல்களையும் கண்காணிப்பையும் சகித்துப் பணியாற்றிய அவர், பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவிடம் 2018 இல் முறையிட்டார். பெண்களிடையேயான உறவைக் குற்றமாக்குவது இலங்கை கையொப்பமிட்ட சமவாயத்துக்கு முரணானது என 2022 இல் அக்குழு தீர்மானித்தது. அத்தகைய தீர்மானத்தை அக்குழு வழங்கியது அதுவே முதற் தடவை.

உள்நாட்டிலும் நீதியரசர்களின் நோக்கு சிறிது சிறிதாக மாறியது. இரு ஆண்கள் தண்டிக்கப்பட்ட வழக்கொன்றில், 2016 நவெம்பரில் எமது உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை மாற்றவில்லை. ஆயினும், வயதுவந்தோர் இருவரின் இசைவான உறவை அரசு காவல்செய்தல் தகாது என்பது இக்காலச் சிந்தனை எனக் குறிப்பிட்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. பின்னர் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொணர்ந்தார். அதனை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்னும் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் 2023 மே 9 இல் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நீதிமன்றம் வழியைத் திறந்துவிட்டது. பாராளுமன்றம் அவ்வழியே நடக்கவில்லை. 2024 செப்தெம்பரில் அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலம் நிறைவேறாமலே இருந்தது.

"இந்தியாவிற் செய்ததுபோல எமது நீதிமன்றம் அப்பிரிவைத் தானே நீக்கிவிடலாகாதா?" என மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. இந்திய அரசியலமைப்பு, பழைய சட்டமொன்று அடிப்படை உரிமைக்கு முரணாயின் அதனைச் செல்லாதாக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்கியுள்ளது. அவ்வதிகாரத்தைக் கொண்டே இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்தெம்பர் 6 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, வயதுவந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது எனத் தீர்த்தது. எமது 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்போ, அதன் 16 ஆம் உறுப்புரையில், அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கின்றது. ஆகவே இங்கே திறப்பு பாராளுமன்றத்தின் கையிலேயே இருக்கின்றது. அதாவது, அதனைத் தெரிவுசெய்யும் எமது கையில்.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்றை நாம் சிறப்பாக நினைவுகூர விரும்புகிறோம். மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் 2021 ஆம் ஆண்டில் தம் வீடுகளை விட்டுச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் பொலிசாரிடம் முறையிட்டனர். அப்பெண்கள் பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் பெண்களையும் பெற்றோரையும் உளவள ஆலோசகரிடம் அனுப்பினார். பின்னர் ஒரு நீதிபதி அரிதாகச் செய்யும் காரியம் ஒன்றைச் செய்தார். இவ்விடயம் தமக்கே சரிவரப் புரியவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமும் உளவியலாளர் ஒருவர்முன் மாணவராக அமர்ந்து கற்றார். அதன் பின்னரே, 2021 யூன் 7 இல், பொலிசார் இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்றும், இவ்வியல்பை "மாற்றுவதாக"ச் சொல்லும் சிகிச்சைகள் தடுக்கப்படவேண்டும் என்றும் ஆணையிட்டார். அறியாமை பாரபட்சத்துக்கு நியாயமாகாது என்பது அவ்வாணையின் சாரம். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச்சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022 இல் வெளியிட்டது.

அவ்விரு பெண்களின் பெற்றோரையும் நாம் குறைசொல்லத் துணியோம். வளர்த்த பிள்ளை ஒருநாள் சொல்லாமற் போய்விட்டால், பொலிசுக்கு ஓடாத தாய் யார்? அவர்களும் அறியாமையின் பலியாட்களே. ஆனால் உயர்ந்த ஆசனத்தில் இருந்த நீதியரசர் தமக்குத் தெரியாததைத் தெரியாதெனச் சொல்லிக் கற்க முடிந்ததாயின், தாய் தந்தையரால் ஏன் முடியாது? உலக சுகாதார நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலேயே இவ்வியல்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பதையாவது ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்தியாவில் மணவுரிமைக்கான வழக்கு முழுவெற்றி பெறவில்லை என்பதையும் மறைக்கலாகாது. சுப்ரியோ வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 2023 ஒக்டோபர் 17 இல் தீர்ப்பு வந்தது. மணம் அடிப்படை உரிமையன்று. அதனைப் பாராளுமன்றமே வழங்கவேண்டும் என ஐந்து நீதியரசர்களும் ஒருமித்துக் கூறினர். மணமல்லாத வேறு சட்டபூர்வமான இணைவையேனும் அரசு ஏற்கவேண்டும் எனத் தலைமை நீதியரசர் சந்திரசூட்டும் நீதியரசர் கௌலும் கருதினர். ஏனைய மூவர் உடன்படவில்லை. மறுசீராய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

ஒரு கதவு மூடியபோது, சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சாளரத்தைத் திறந்தது. பெற்றோரால் வீட்டில் தடுத்துவைக்கப்பட்ட இளம்பெண் ஒருவரை மீட்கும்படி அவருடைய தோழி தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் நீதியரசர்கள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அப்பெண்ணை அவர் விருப்பப்படி செல்லவிட்டனர். குடும்பம் அமைப்பதற்கு மணம் ஒன்றே வழியன்று. தாமே தெரிந்தெடுத்த குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த ஒன்றே என அவர்கள் கூறினர். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் அம்மையாரைப் போன்றவர் அல்லரே என்றும் அத்தீர்ப்பில் வருந்தினர். இந்தியாவில் உயர் நீதிமன்றமொன்றின் தலைமை நீதியரசரான முதற் பெண்மணி லீலா சேத். எழுத்தாளர் விக்கிரம் சேத்தின் தாயார். தம் மகனின் இயல்பை ஏற்று, அவனுக்காக வெளிப்படையாக எழுதியவர் அவர்.

ஆசியாவின் பிற இடங்களிலும் காலம் நகர்கின்றது. தாய்வான் 2019 ஆம் ஆண்டிலும், தேரவாத பௌத்தம் தழைத்த தாய்லாந்து 2025 சனவரியிலும் மணவுரிமையை வழங்கின. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, 2023 நவெம்பரில் முதற் பதிவு நடைபெற்றது.

இனி, எம்மிடையே எழும் ஆட்சேபங்களை நேர்மையோடு நோக்குவோம். "இது எமது வழமையன்று" என்பது முதலாவது. வழமை என்பது யாது? 1707 ஆம் ஆண்டின் அதே தேசவழமை ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபின் அப்பகுதி வெறும் எழுத்தாயிற்று. அதனால் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணமாக இல்லாமற் போய்விடவில்லை. சொத்துரிமை விதிகளும் 1911 இலும் 1947 இலும் திருத்தப்பட்டன. வழமையென்பது வேலிக் கதியாலைப் போன்றது. நட்டபின்னும் தளிர்த்துக்கொண்டே இருக்கும்.

அன்றியும், அவ்வேட்டிலேயே சுவீகாரம் பற்றிய விதியும் உண்டு. உற்றார் கூடியிருக்க, மஞ்சள்நீர் அருந்தும் சடங்கோடு வேறொருவர் பெற்ற பிள்ளை தம் பிள்ளையாயிற்று; உரிமையும் பெற்றது. இரத்தத்தினாலன்றி மனத்தினாலும் உறவு உண்டாகும், அவ்வுறவைச் சுற்றத்தார் சாட்சியாக நின்று ஏற்கலாம் என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவே மேனாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது.

"சமயம் இடங்கொடுக்குமா?" என்பது இரண்டாவது. சமயச் சடங்கு வேறு, அரசாங்கப் பதிவு வேறு. கோயிலிலோ தேவாலயத்திலோ எவருக்கு மணம் நிகழ்த்துவது என்பதை அவ்வச் சமயத்தாரே தீர்மானிப்பர். பதிவாளரின் புத்தகத்தில் யாருடைய பெயரை எழுதலாம் என்பதே இங்குள்ள வினா. "சந்ததி அற்றுப்போகுமே" என்பது மூன்றாவது. பிள்ளையில்லாத தம்பதியரின் விவாகத்தை நாம் இரத்துச் செய்கிறோமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வியல்புள்ள மகனையோ மகளையோ வற்புறுத்தி மணமேடையில் ஏற்றினால், பிறர் வீட்டுப் பிள்ளை ஒன்றின் வாழ்வையும் சேர்த்துக் கெடுத்தவராவோம். பொருத்தம் பார்க்கப் பத்து இடம் அலையும் நாம், பிள்ளையின் மனப்பொருத்தத்தை ஒருதரம் கேட்டறிதல் தகாதோ?

யாழ். நகரின் வீதிகளில் அண்மைய ஆண்டுகளில் இத்தகையோர் தம் சுயமரியாதைக்காக நடைபவனி சென்றதை நேயர்கள் கண்டிருப்பர். கண்டவர்கள் சிலர் நகைத்தனர். சிலர் முகத்தைத் திருப்பினர். அங்கு நடந்தவர்கள் வேற்றூரார் அல்லர். எமது பாடசாலைகளிற் படித்து, எமது சந்தையில் மரக்கறி வாங்கி, எமது மொழியிற் கனவு காண்பவர்கள்.

சட்டம் மாறும் நாளைக் குறித்துச் சொல்ல எம்மால் இயலாது. அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றை இப்பத்தியில் எழுதிவைப்பது எமது கடமை. மணமாகாது ஒன்றாய் வாழும் எந்த இருவரும், அவர்கள் தோழியரோ உடன்பிறவாச் சகோதரரோ வேறெவரோ ஆகுக, காணி வாங்கும்போது உறுதியை இருவர் பெயரிலும் எழுதுவித்தல் நன்று. ஒருவர் மற்றவருக்கு மரணசாசனம் எழுதிவைத்தல் மேலும் நன்று. பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளோடும், நொத்தாரிசு இல்லாதவிடத்து ஐந்து சாட்சிகளோடும் மரணசாசனம் எழுதப்படலாம் என்பது 1840 ஆம் ஆண்டு தொட்டு எமது நாட்டில் நிலவும் சட்டம். இதற்கு விவாகப் பத்திரம் தேவையில்லை. சில தாள்களும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பெரிய ரீச்சருக்கு அதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. தாம் சாவதைப் பற்றி எவர்தாம் முற்கூட்டியே நினைக்கிறார்கள்?

ஆனால் தாள்கள் வீட்டைத்தான் காக்கும், "நீங்கள் என்ன முறை?" என்ற கேள்விக்கு அவை விடையாகா. அதற்கு விடை சொல்லச் சட்டம் வேண்டும். சட்டம் வரும்வரை ஊராவது வேண்டும். அன்று செத்தவீட்டில் எம்முள் ஒருவர் எழுந்து, "ரீச்சர், முன்னுக்கு வந்து இருங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

அவ்வீடு பிறகு கைமாறி, அடுத்த கைக்கும் மாறிற்று. சின்ன ரீச்சரின் காப்பில் எழுந்த ஓட்டுக்கூரை போரின்போது எறிகணையில் நொருங்கிற்று என்றும், இப்போது அங்கே புதுக் கொங்கிறீட்டு வீடு நிற்கின்றது என்றும் அறிகிறோம். வேலியும் இல்லை, மதில் எழுந்துவிட்டது. நாம் நுழைந்துபோன பொட்டு இருந்த இடம் எதுவென்று இனி எவராலும் காட்டமுடியாது. கிணறு மட்டும் அப்படியே இருக்கின்றதாம். அதன் கட்டில், சீமெந்து காயுமுன் விரலால் எழுதிய இரண்டு முதலெழுத்துக்கள் உண்டு. கணக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் எல்லோரும் அவற்றைக் கண்டிருக்கிறோம். அவ்விருவரின் கூட்டுத் தேட்டத்துக்கு இருந்த ஒரே பதிவு அதுதான்.